பூந்தமல்லியில் அடிக்காத போன்

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. மழையும் விட்டபாடில்லை, என் வேலூர் பஸ்ஸும் வந்தபாடில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் இருப்பவர் சஸ்பெண்ட் ஆன போலீஸ்காரர். லீவே கொடுப்பதில்லை என்று பேஸ்புக்கில் எழுதியிருக்கிறார். ஒரு விளக்கம்கூடக் கேட்காமல் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அதை எதிர்த்து ஹைகோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறார்.

"எழுதுனப்ப எல்லாரும் கை கொடுத்தானுங்க சார். இப்ப ஒருத்தனும் பேசறதில்ல. நீங்க வெளியூரு, அதான் உங்களாண்ட பேசிக்கினு கீறேன்."

போலீஸ் யூனிபார்மில் இளைஞர் ஒருவர் பைக்கில் வந்து இறங்குகிறார். இவரைப் பார்க்காமல், சற்றுத் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று செல்போனைக் காதில் வைக்கிறார்.

"அண்ணே, நாளைக்குத்தான கேஸ் வருது? தைரியமா போ. அண்ணி எப்பிடி கீறாங்க?"

என் பக்கத்தில் இருப்பவரும் தன் போனை எடுத்துக் காதில் வைக்கிறார். "கீறா. நீயாவது லீவு வாங்கிக்கினு ஊட்டுக்குப் போடா."

இவருடைய போன் அடிக்கவே இல்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைக்கிறது. நான் பார்ப்பதைக் கண்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொல்கிறார்: "நெஜமா போன் போட்டா, யாராண்ட பேசுனான்னு டிபார்ட்மெண்ட்ல கால் லிஸ்ட்ட எடுத்துப் பாப்பாங்க சார்."

இளைஞர் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுகிறார். பைக் வளைவில் மறைகிறது. என் பஸ்ஸும் வந்துவிட்டது. நான் எழுந்திருக்கும்போதும் இவர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

"ம்... அப்புறம், சொல்லு" என்கிறார்.