விமானத் தொப்பியில் சேங்கொட்டைக் குறி

யுத்தத்தில் விமானத்தில் பறந்தவர்கள் போட்ட தொப்பிகளை நான் சேர்த்தேன். இரண்டு காதையும் மூடக் குமிழ் வைத்து, தாடையில் வார் பூட்டுகிற தொப்பி. பழவங்காடியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைக்கும். ஆறு சேர்ந்திருந்தன. ஐந்து தோல், உள்ளே எண் போட்டவை. யாருடையவை என்று கேட்டு நான் எழுதாத ஆபீஸ் இல்லை. ஒரு கழுதையும் பதில் போடவில்லை. ஒரே ஒரு ஆளையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

ஆறாவது காக்கித் துணி. வெயில் நாட்டில் பறக்கிறவர்களுக்குத் தைத்தது. எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. பின்கழுத்து மடிப்பில் கறுப்பாக ஒரு கறை மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், தேய்த்தேன், போகவே இல்லை. துணி எடுக்க வந்த சலவைக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சாரே, கை தேஞ்சாலும் அது போவாது. அழுக்கொண்ணும் இல்ல. சேங்கொட்டைக் குறியாக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்கச் சேங்கொட்டைச் சாற்றில் அவர்கள் போடும் அடையாளம்! என் சட்டைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. மடையன், அதைப் போய் அழிக்கப் பார்த்திருக்கிறேன்.

"யாரு வீட்டுக் குறி?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கோடு, கீழே மூன்று புள்ளி.

"நான் போட்டதாக்கும். கரமனையில ஆத்தோரத் தெரு, கடைசி வீடு. பட்டாளத்துலேருந்து வந்த சாமி."

"இத முன்னயே சொல்லப்படாதா?"

"சாரு காட்டினாலல்லே சொல்ல முடியும்?"

ஈரத் தொப்பியோடு ஓடினேன். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்தவருக்கு முப்பது வயது இருக்கும். தொப்பியை நீட்டினேன்.

"இது எப்படி ஓய் உம்ம கையில?" என்று கத்தினார்.

அவர் ஆபீசில் இருந்தபோது அம்மா பழம்புடவைகளோடு சேர்த்துப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டாளாம். இரண்டு மாதம் சாலைக் கடைத்தெருவில் தேடி அலைந்தாராம். குண்டு விமானத்தில் வாலைப் பார்த்தபடி பின்னால் உட்கார்ந்து, வயர்லெஸ்ஸும் பார்த்துத் துப்பாக்கியும் பிடித்தவர். சொல்லிக்கொண்டே ஈரத்தோடு தலையில் மாட்டினார். குனிந்துகூடப் பார்க்காமல் ஒரு கையால் வாரைப் பூட்டினார். எனக்குப் புல்லரித்தது.

"குடுத்துட்டுப் போறீரா?"

"மாட்டேன்" என்றேன். ஆள் தெரிந்த தொப்பி என்னிடம் அது ஒன்றுதான்.

"அப்போ பிடுங்கிண்டு போமேன்."

நானும் கையைத் தூக்கினேன். உடையவன் தலையிலிருந்து எப்படிப் பிடுங்குவது? கை தானே இறங்கிவிட்டது. எரிச்சலாக வந்தது.

"இருந்து தொலையட்டும். ஆனா மொதத் தடவ ஏறினதுலேருந்து ஒண்ணு விடாமச் சொல்லணும் ஓய்."

அவர் உள்ளே திரும்பி, "அம்மா, ரெண்டு காப்பி!" என்றார். தொப்பியைக் கழற்றவே இல்லை. காதை மூடியிருந்ததால் ஒவ்வொரு கேள்வியையும் நான் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. சண்டை என்று நினைத்துத் தெருவே வாசலில் கூடிவிட்டது.