மாப்பிள்ளை பேரில் இருந்த பெட்டி

தினேஸ்வரி என்ற பேர் நல்லம்மாளின் காதில் முதலில் விழுந்தது தோட்டத்தில், ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில். அக்கா முத்தம்மாவைக் கட்டிய பழனியப்பன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கத்தினார்: "பொம்பளப் புள்ள! தினேஸ்வரி!" அந்த இரைச்சலில் அவளுக்கு 'ஈஸ்வரி' மட்டும்தான் கேட்டது. எந்த ஈஸ்வரி போய்ச் சேர்ந்தாளோ என்று பதறி, கையிலிருந்த பால் வாளியைக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்குச் சிரித்தவர்கள் வருசக்கணக்காய்ச் சிரித்தார்கள்.

பிறகு முத்தம்மாவும் பழனியப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்தை முதலாளிகள் விற்றார்கள். புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் நல்லம்மாள் குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தாள். தினேஸ்வரிக்குத் தாய் வீடு என்றால் அதுதான்.

பாரிட் புந்தாரில் கைபேசிக் கடை வைத்திருந்த யுகேந்திரனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை. நாலு கொம்பு வைத்த கறுப்பு வைஃபை பெட்டி ஒன்றை வாங்கிவந்து டிவி பக்கத்தில் வைத்தார். கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அத்தே, உங்க இமெயில் என்ன?"

"என்கிட்ட ஐசி, அடையாளக் கார்டுதான் இருக்கு மாப்ள."

தினேஸ்வரி சிரித்துவிட்டாள். "பெட்டிக்கு எதுக்குங்க இமெயில்?"

"பெட்டி செஞ்ச கம்பெனிக்காரன் அக்கவுண்ட் தொறக்கச் சொல்றான்லா. இல்லாட்டி அடுத்த பக்கத்துக்குப் போவ மாட்டேங்குது. எம்பேர்லயே போட்டுரவா அத்தே?"

"போடுங்க மாப்ள. வீட்டுக்கு ஆம்பள பேரு ஒன்னு இருந்தா நல்லதுதான்."

அதில் நல்லம்மாளுக்கு ஒரு பெருமை. பக்கத்து வீட்டு ஆம்புரோஸிடம்கூட, "எங்க வைஃபை மாப்பிள்ளை பேர்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டாள்.

நாலு வருசம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தினேஸ்வரி தனியாக வந்து நின்றாள். கொளுத்துகிற வெயிலில் மணிக்கட்டுவரை கைமூடிய சட்டை. சாப்பிட்ட தட்டைக் கழுவச் சட்டைக்கையைச் சுருட்டினபோதுதான் நல்லம்மாள் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. பழைய தழும்பு வேறு இரண்டு.

"யாருகிட்டயும் சொல்லலையாடி?"

"ரெண்டு தடவ போலீஸ்ல ரிப்போர்ட் குடுத்தேன். ரெண்டு தடவையும் நானே போயி வாபஸ் வாங்கிக்கிட்டேன்."

ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. தங்க இடமும் உண்டு. திங்கட்கிழமை சேர வேண்டும். "நாலு நாள் சின்னம்மா. நாலு நாள் அவருக்குத் தெரியாம இருந்தாப் போதும். அப்புறம் நான் பொழச்சுக்குவேன்."

கைபேசியின் சிம் கார்டை பாரிட் புந்தாரிலேயே சாக்கடையில் வீசிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். கைபேசி அதே பழைய கைபேசி. ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து பழகின வீடு என்பதால், வாசலில் கால் வைத்ததும் அது தானாகவே அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலைக்காரர்களோடு பேச வசதியாய்ப் போயிற்று என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

சாயங்காலம் யுகேந்திரன் நல்லம்மாளை ஃபோனில் கூப்பிட்டார். அவள் குரல் நடுங்காமல் பொய் சொன்னாள்.

"இங்க வரலையே மாப்ள. சிலிம் ரிவர்ல அவ பெரியப்பா மகன் வீட்ல கேட்டீங்களா?"

"சரித்தே. கேட்டுப் பாக்குறேன்."

சனிக்கிழமை காலையில் கார் வந்து நின்றது. இறங்கிய யுகேந்திரன் கையில் நல்லம்மாளுக்குப் பிடித்த கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம். வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடியே, சத்தம் போடாமல், உள்ளே பார்த்துப் பேசினார்.

"தினா, வியாழக்கிழமை பன்னண்டு இருபதுக்கு இந்த வீட்டுக்குள்ள வந்த. நேத்து காலையில ஒம்போது மணிக்கு வெளிய போயி, பத்து மணிக்குத் திரும்பி வந்த. சரிதானே? நீ எங்க போனாலும் எனக்குத் தெரியும்மா."

அவர் சொன்னது நிமிசம்கூடத் தப்பவில்லை.

நல்லம்மாள் கேட்டுச் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "நீ உள்ள போடி. நான் போலீஸக் கூப்பிடுறேன். விடமாட்டேன்."

"தொறந்து விடுங்க சின்னம்மா. ஜொகூருக்குப் போனாலும் தெரிஞ்சிரும் இவருக்கு. எதுக்கு அலையணும்?"

பையை அவளே எடுத்துக்கொண்டாள். செருப்பையும் அவளே மாட்டிக்கொண்டாள். சின்னம்மாவின் கையிலிருந்த சங்கிலியையும் அவளே பிரித்தாள். யுகேந்திரன் பொட்டலத்தைக் கேட்டின் மேல் வைத்துவிட்டு, "வர்றோம் அத்தே" என்றார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நல்லம்மாள் கேட்கப்போக, அன்றைக்குச் சாயங்காலம் ஆம்புரோஸின் மகள் மெலிண்டா வேலை முடிந்து வந்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது அவரு அக்கவுண்ட்ல இருக்கு. இந்த வைஃபைல யாரு ஃபோன் சேந்தாலும், வெளிய போனாலும், அவருக்கு மெசேஜ் போயிரும்."

"அப்ப ஜொகூர்ல?"

"ஜொகூர்ல ஒன்னும் தெரியாது ஆன்ட்டி. அவருக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வீடு மட்டும்தான்."



மெலிண்டா நல்லம்மாளின் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, பெட்டியின் பின்பக்கத்து ஓட்டையில் விட்டு அழுத்தினாள். விளக்கெல்லாம் அணைந்து, மறுபடி எரிந்தது. மெலிண்டாவின் கைபேசியில் மறுபடியும் அது இமெயில் கேட்டது.

"உங்க பேர்ல ஒன்னு தொறக்கவா ஆன்ட்டி?"

"வேணாம். புடுங்கிரு."

அந்த ஒரு வீடு மட்டும்தான் என்ற சேதியை தினேஸ்வரியிடம் சேர்க்க நல்லம்மாள் படாத பாடுபட்டாள். கூப்பிட்டால் யுகேந்திரன்தான் எடுப்பார். "குளிக்கிறா அத்தே." "தூங்குறா அத்தே." ஒரு தடவை பஸ் ஏறி நேரிலேயே போனாள். யுகேந்திரன் கோப்பி கலக்கச் சொல்லி, இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, அவள் கிளம்புகிறவரை எழுந்திருக்கவில்லை.

தினேஸ்வரி இப்போது பாரிட் புந்தாரில், அந்தக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறாள். அவளிடம் கைபேசி இல்லை.