தாழ்வாரச் சுவரில் ஏழாம் வகுப்பு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். 'கலர் சார்' என்றால் வாட்ச்மேனே வழிகாட்டுவார். பத்தொன்பது வருடமாக ஓவிய ஆசிரியர். ஏழாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு பீரியடு அவருக்கு உண்டு, கால அட்டவணையில் மட்டும். செவ்வாய்க்கிழமை அவர் வாசலுக்குப் போய்ச் சேருமுன் கணக்கு வாத்தியார் உள்ளே பலகையை அழித்துக்கொண்டிருப்பார்.

"சார், பின்னம் இன்னும் பசங்களுக்குப் பிடிபடல. இன்னிக்கு மட்டும் விட்டுக்கொடுங்க. உங்களுக்கென்ன, படம்தானே!"

இவரும் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுத் திரும்புவார். வெள்ளிக்கிழமை பீரியடு அறிவியல் டீச்சருக்குப் போய்விடும்.

வகுப்புதான் கிடைக்கவில்லையே தவிர, வேலைக்குக் குறைவில்லை. இலையின் குறுக்குவெட்டு, சுருண்டு கிடக்கும் குடல், பூஜ்யத்துக்கு இடப்பக்கம் இறங்கிப் போகும் குறை எண்கள், மேகம் மலையில் முட்டி மழையாகும் இடம், கோட்டையின் உள்வழிகள் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருடத்தில் படிப்பதெல்லாம் அவர் கைவழியாகத்தான் சார்ட்டுக்கு வந்தது. ஒருமுறை இதயத்தில் இடமும் வலமும் மாறிப்போயிற்று. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் அறிவியல் டீச்சர், "என்னன்னு தெரியாமலே வரைவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் அத்தனையையும் வீட்டுக்குச் சுமந்துபோய்ப் பக்கம் பக்கமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"இந்த வயசுல பரீட்சை எழுதப் போறீங்களாக்கும்?" என்றாள் மனைவி.

"நான் தப்பா வரைஞ்சா பசங்க தப்பாப் படிச்சிடுவாங்களே."

"பாடம் நடத்துறது அவங்க, கண்ணு போறது உங்களுக்கு. நல்லா இருக்கு நியாயம்!"

அந்த வருடம் கல்வி அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. தலைமை ஆசிரியர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் ஓடினார். ஏழாம் வகுப்பின் முழு வருடப் பாடமும் தாழ்வாரச் சுவரில் தெரிய வேண்டும் என்றார். கலர் சார் மூன்றே வாரத்தில் நாற்பத்திரண்டு சார்ட் வரைந்து ஒட்டினார்.

அதிகாரி ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். "யார் வரைஞ்சது?"

"எல்லாம் நம்ம பசங்க கைவேலை சார். அறிவியல் டீச்சர் கூட இருந்து வழிகாட்டுனாங்க, அவ்வளவுதான்." தலைமை ஆசிரியர் கண்கூட இமைக்கவில்லை.

கலர் சார் பசை டப்பாவும் கையுமாகத் தூணோரம் நின்றார். அறிவியல் டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பாராட்டுச் சான்றிதழ் டீச்சர் பெயரில் வந்தது.

ஆண்டுக் கடைசியில் பெற்றோர் கூட்டம். வரும் வருடம் ஏழாம் வகுப்பில் என்னென்ன பாடம் என்று தலைமை ஆசிரியர் வாசித்தார். மொழிப்பாடம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், கம்ப்யூட்டர். அதோடு தாளை மடித்தார்.

"டிராயிங் இல்லீங்களா?" என்றார் ஒரு தகப்பனார்.

"அதுக்குத் தனியா பீரியடு எதுக்குங்க? யாரும் சொல்லித்தராமலே பசங்க எப்படி வரைஞ்சிருக்காங்கன்னு சுவர்ல பாருங்க!"

கூட்டம் கைதட்டியது.

கலர் சார் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். "அதெல்லாம் நான் வரைஞ்சது சார்."

"எனக்குத் தெரியாதா? ஆனா இப்ப மாத்திச் சொன்னா ஸ்கூல் மானமே போயிடும். உங்களை வெளியே அனுப்பல இல்ல? ஆபீஸ்ல உக்காந்து பதிவேடு எழுதுங்க. கையெழுத்து முத்துமுத்தா இருக்கே உங்களுக்கு."

பள்ளி திறந்ததும் ஆபீஸ் மூலையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரமே அறிவியல் டீச்சர் வந்து நின்றார்.

"சார், திங்கட்கிழமைக்குள்ள சிறுநீரகம் ஒண்ணு..."

"பசங்களையே வரையச் சொல்லுங்க டீச்சர். அவங்கதான் நல்லா வரைவாங்களே."

டீச்சர் முகம் சுருங்கிற்று. திரும்பிப் போய் அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தார். வந்த படங்களை அவர் கொண்டுவந்து மேஜையில் போட்டபோது கலர் சாருக்கு முதலில் உள்ளூரக் குளிர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு பிள்ளைக்கும் பிரஷ்ஷைப் பிடிக்கத் தெரியவில்லை. கோடு முழுக்கப் பிசிறு, வண்ணம் திட்டுத்திட்டாக ஊறிக் கிடந்தது. யாராவது ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் தானாக வந்திருக்கும். பத்தொன்பது வருடம் அதற்குத்தான் இவருக்குச் சம்பளம். மற்றவர்களுக்காக எல்லாப் பாடத்தையும் வரைந்தார், தன் பாடத்தை ஒரு வகுப்புக்கும் நடத்தவில்லை. இதற்கு யார்மேல் பழி போடுவது என்று யோசித்துப் பார்த்தார். கணக்கு வாத்தியார்மேல் முழுசாகப் போட முடியவில்லை.

"இதை மாட்டினா மானம் போயிடும்," என்று தலைமை ஆசிரியர் கடையிலிருந்து அச்சடித்த சார்ட்டுகளை வரவழைத்தார். பழைய நாற்பத்திரண்டையும் பியூன் கிழித்தெடுத்துச் சுருட்டிப் பீரோவுக்கு மேலே செருகினான்.

புதியவற்றைக் கோணாமல் மாட்ட ஆள் வேண்டியிருந்தது. ஆபீஸ் மூலைக்குச் சொல்லி அனுப்பினார்கள். கலர் சார் பேனாவை மூடிவைத்துவிட்டு, சுத்தியலை வாங்கிக்கொண்டு போனார்.