பேனரில் இருந்த பிரதமர்

குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். கணித டீச்சர் ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போனால் முன்வரிசையில் கதிரை கிடைக்கும். டியூஷன் எப்போது என்று தாய்மார் சூழ்ந்துகொள்வார்கள். என்னிடம், "அதுக்குன்னு தனியா டீச்சர் இருக்காங்களா?" என்பார்கள். கண்டி மஹய்யாவையில் என் தெருவிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். குடியுரிமை என்ற ஒரு சொல்லுக்காக, நாடற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட தங்கள் தாய் தகப்பன் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதைப் பார்த்து வளர்ந்த சனம்தான் இப்படிக் கேட்கிறது. கிடைத்ததும் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

கலகெதர போகும் வீதியில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் எனக்கு வேலை. அங்கே யாருக்கு எது தேவைப்பட்டாலும் என் பாடவேளையில்தான் கை வைப்பார்கள். பல் வைத்தியர் வந்தாலும் என் பாடவேளை, விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டுவதென்றாலும் என் பாடவேளை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் ஒருநாள் வந்து நின்றார்.

"டீச்சர், உங்கட பாடத்தைப் பிள்ளையள் சோதினைக்கு முதல் நாள் வாசிச்சாலே காணும். அந்தப் பாடவேளையை எனக்குத் தாங்கோவன்."

"வாசிச்சு என்னத்த எழுதுவாங்க சேர்?"

"ஜனநாயகத்தின்ர பண்புகள் ஐந்தை எழுதச் சொல்லிக் கேப்பாங்கள். பாடமாக்கினாச் சரிதானே?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஐந்து பண்புகளையும் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பித்து முடிந்ததும் அதிபரின் வாகனத்தைக் கழுவப் போவார்கள்.

ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர் பாராளுமன்றம் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எங்கள் பாடசாலையிலும் இருந்தது. வருடத்தில் ஒருநாள் அதிபர் தன் கதிரையில் இருந்தபடி, நீ பிரதமர், நீ சபாநாயகர் என்று பிள்ளைகளுக்குக் கை காட்டுவார். படம் எடுப்பார்கள். அதோடு பாராளுமன்றம் கலைந்துவிடும். இந்த வருடம் உண்மையாகவே தேர்தல் வைப்போம் என்று நான் கேட்டபோது, ஆச்சரியம், அவர் சம்மதித்தார். பதவியேற்பு விழாவுக்கு வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. வாக்குப் பெட்டியோடு படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று அதிபருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிரதமர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் பாடசாலைக்குப் பெயின்ட் வாங்கிக் கொடுத்த ஹாட்வெயார் முதலாளியின் மகன். மற்றது ஒரு பெண்பிள்ளை. இரண்டு பேரும் தரம் பத்து. அவளுடைய அப்பா கட்டுகஸ்தோட்டையில் ஆட்டோ ஓடுகிறார். பையன் மேடையில் ஏறி, கல்வியே கண், ஒழுக்கமே உயர்வு என்று யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தான். அவள் கையில் ஒன்றும் இல்லை.

"பொம்பளப் புள்ளைங்களுக்குன்னு கட்டின புது டொய்லட் பூட்டிக் கெடக்கு. சாவி ஒஃபிஸ்ல இருக்கு. போய்க் கேட்டா ஏன், எதுக்குன்னு எல்லாருக்கும் முன்னால கேக்குறாங்க. அதுக்குப் பயந்து நாங்க ஸ்கூல் விடுற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல. நான் வந்தா மொதல்ல அந்தப் பூட்டக் கழட்டச் சொல்லுவேன்."

அவ்வளவுதான் பேச்சு. மண்டபத்தில் பிள்ளைகள் கை தட்டியதில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அழுக்காகிவிடும் என்று கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்த நிர்வாகம் மேடையில் வரிசையாக உட்கார்ந்து, கூரையைப் பார்த்தது.

தேர்தலுக்கு முதல் நாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு பேனர் சுருட்டி வைத்திருந்தது. விரித்துக் காட்டினார். மாணவர் பாராளுமன்றம், கௌரவ பிரதமர், கீழே முதலாளி மகனின் படம். கோட்டும் டையும் கம்ப்யூட்டரில் போட்டிருந்தார்கள்.

"சேர், தேர்தல் நாளைக்குத்தானே?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். பேனர் அடிச்சாச்சு டீச்சர். அதுக்கு ஏத்த மாதிரி நடத்துங்க."

"புள்ளைங்க வேற மாதிரிப் போட்டா?"

"புள்ளைங்களுக்கு என்ன தெரியும்? பெட்டி உங்க கையிலதானே இருக்கு. முதலாளிதான் நமக்குப் பெயின்ட் தந்தாரு. நாளைக்குக் கூரைத் தகரமும் தாறேன்னு சொல்லியிருக்காரு. நீங்க படிச்ச ஆள், வெளங்கும்."

எனக்கு நன்றாகவே விளங்கியது. அதிபர் குடியுரிமைக் கல்விக்கு விடைத்தாள் திருத்தப் போகிறவர். சுதந்திரமான தேர்தலின் இயல்புகளைக் குறிப்பிடுக என்ற கேள்விக்குப் பல வருடங்களாகப் புள்ளி போட்டவர். சரியான விடை அவருக்கு மனப்பாடம். அது பரீட்சைத் தாளை விட்டு வெளியே வரும் என்பதுதான் அவர் எதிர்பாராதது.

பெட்டியை நான் என் கையில் வைத்துக்கொள்ளவில்லை. வாக்களிப்பு முடிந்ததும் தரம் பத்துப் பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைத்து, இரண்டு பக்கத்துக்கும் முகவர்களை நிறுத்தி, ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டி எண்ணினேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பையனுக்கு விழுந்தது அவளுக்கு விழுந்ததில் பாதிகூட இல்லை. முகவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பையன்தான் முதலில் போய் அவளுக்குக் கை கொடுத்தான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து, முதலாளி மகன் பிரதமர் என்றும் அந்தப் பிள்ளை சுகாதார அமைச்சர் என்றும் அறிவித்தார். சுகாதாரம். கழிப்பறையைப் பற்றிப் பேசியவளுக்குப் பொருத்தமான அமைச்சு என்று அவரே சொல்லிச் சிரித்தார். சில ஆசிரியர்களும் சிரித்தார்கள். கணித ஆசிரியர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் ஒரு சத்தமும் போடவில்லை. அந்த அமைதியைப் பார்த்து, பயல்கள் அடங்கிவிட்டார்கள் என்று அதிபர் நினைத்திருப்பார்.

பதவியேற்பு நாளில் வலய அதிகாரி மாலையும் கழுத்துமாக மேடையில் இருந்தார். பின்னால் பேனர். மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து, சத்தியப்பிரமாணத்துக்கு வந்தபோது கீழே நடுவரிசையில் அவள் எழுந்து கையை உயர்த்தினாள்.

"சேர், சத்தியப்பிரமாணத்துக்கு முன்னால வாக்கு எண்ணிக்கைய வாசிக்கணும். புத்தகத்துல அப்பிடித்தான் இருக்கு."

அதிகாரி அதை நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"ஆ, சரியான முறை. வெரி குட்! வாசிங்க, வாசிங்க. யார் பொறுப்பு டீச்சர்?"

நான் எழுந்தேன். அதிபர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. முகவர்கள் கையெழுத்துப் போட்ட தாளை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். அதிகாரி பேனரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிபரைப் பார்த்தார். அப்போது மேடையில் நின்ற பையன் ஒலிவாங்கிக்குக் கிட்டப் போய், "சேர், நான் தோத்துட்டேன். எனக்கு வேணாம்னு அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டு இறங்கித் தன் வகுப்போடு உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு அந்த மேடையில் அதுவரை உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான்.

அதிபர் விழுந்தடித்து எழுந்தார். அச்சகத்தில் தவறு நடந்துவிட்டதாம். அச்சகம் என்ன பாவம் செய்ததோ. அவள் அந்தப் பேனருக்குக் கீழேயே நின்று சத்தியப்பிரமாணம் செய்தாள். அவள் தலைக்கு மேல் கோட்டும் டையுமாக அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கிழமை கழிப்பறை திறந்தது. உள்ளே தாழ்ப்பாள் இல்லை என்று அவள் போய்ச் சொல்ல, முதலாளி தன் கடையிலிருந்தே தாழ்ப்பாள் அனுப்பினார். மனிதர் உயர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கழிப்பறைக் கதவில் அன்பளிப்பு என்று போட்டு அவருடைய கடைப் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது.

எனக்குக் கிடைக்க வேண்டியதும் தாமதிக்கவில்லை. புதிய நேரசூசியில் தரம் பத்துக் குடியுரிமைக் கல்வி என் பெயரில் இல்லை. பாதியைக் கணிதத்துக்குக் கொடுத்தார்கள். மீதியைப் படிப்பிக்க வந்தவர் ஐந்து பண்புகளைப் பலகையில் எழுதிவிட்டுப் போகிறார். எனக்குத் தரம் ஆறும் நூலகமும். கணித ஆசிரியர் ஒருநாள் நூலகத்துக்கு வந்து தயங்கி நின்றார்.

"நான் கேட்டுத்தான் உங்கட பாடவேளையை எடுத்தவையெண்டு நினைக்காதேங்கோ டீச்சர்."

"நினைக்கல்ல சேர். அதுக்கெல்லாம் கணக்குப் பாடம் காரணமா இருக்காது," என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

வருட முடிவில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் நடந்தது. பெற்றோர் வருவார்கள், அதிபர் ஒரு பெயரைச் சொல்வார், கை தூக்குவார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். செயலாளர் பதவிக்கு அவர் வழக்கம்போல முதலாளியின் பெயரைச் சொன்னார். பின்னால் இருந்து ஒரு தாய் எழுந்தார். அந்தப் பிள்ளையின் அம்மா இல்லை, எனக்கு முகமே தெரியாத ஒருவர்.

"சேர், கை தூக்குனா யாரு யாருக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சுபோயிருமே. புள்ளைங்க செஞ்ச மாதிரித் துண்டு எழுதிப் போடுவமே."

அதிபர் நேரம் போதாது என்றார். நாங்கள் இருக்கிறோம், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள் பெற்றோர். ஒரு தகப்பனை எதிரே நிறுத்தி, துண்டு எழுதிப் போட்டார்கள். ஒரு தாய் எண்ண, இன்னொரு தாய் உரத்து வாசித்தார். கடைசியில் முதலாளிதான் வென்றார்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. தேநீர் ஆறிப் போயிருந்தது. அதைக் குடித்துக்கொண்டே, தருவதாகச் சொன்ன கூரைத் தகரத்தை எப்போது தருகிறீர்கள் என்று புதிய செயலாளரைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.