நோஞ்சான் கை, நாலு கண்ணி

வாட்ச் கடைக்காரனுக்கு மணி பார்க்கிற வேலை கம்மி; மணிக்கட்டு பார்க்கிற வேலைதான் ஜாஸ்தி.

ஜவுளிக்கடை, செருப்புக்கடை, வளையல் கடை என்று எங்காவது கவுண்டருக்குப் பின்னால் நின்று காலை ஒடித்துக்கொண்டவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். மனசு ஒரு சைஸைக் கேட்கும், உடம்பு இன்னொரு சைஸைக் கேட்கும், நடுவில் நாம் மாட்டிக்கொள்வோம். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே ஒரு கணக்குத்தான். டயலுக்கு மேலேயும் கீழேயும் செயினை மாட்டுவதற்குக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதை நாங்கள் காது என்போம். அந்தக் காது கை அகலத்துக்குள் அடங்கவேண்டும். வெளியே நின்றால், ஆள் வாட்சைக் கட்டவில்லை, வாட்ச்தான் ஆளைக் கட்டிக்கொண்டு போகிறது.

நான் படித்தது அஞ்சாவது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாட்ச் கடையில் வேலைக்கு நின்றேன். அப்புறம் விழுப்புரத்தில் சொந்தமாக எட்டடிக்கு ஒரு கடை. வீடு மட்டும் இன்னும் திண்டிவனம்தான், தினம் பஸ்தான். செயின் வாட்ச் வாங்குகிறவர் கைக்குத் தகுந்தபடி கண்ணிகளைக் கழற்றிக் குறைப்போம். கழற்றின கண்ணியைக் கையில் கொடுத்தால் தொலைத்துவிட்டு, கை பெருத்த பிறகு வந்து நம்மிடமே சண்டைக்கு நிற்பார்கள். அதனால் அன்றைய பஸ் டிக்கெட்டில் மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் நானே போட்டு வைப்பேன். "பத்திரமா இருக்கும். கை தேறுனதும் வந்து வாங்கிக்கங்க" என்று எல்லாருக்கும் ஒரே பாட்டு.

டிக்கெட்டின் பின்னால் பேர் எழுதமாட்டேன். ஊரில் எத்தனை முருகன், எத்தனை செல்வம்! கையைத்தான் எழுதுவேன். 'முடிக் கை, ரெண்டு.' 'ஆறு விரல், மூணு.' 'எலும்புக் கை, அஞ்சு.' எனக்கு மட்டும் தெரிகிற எழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று என் சொந்த மாப்பிள்ளை கைக்குப் போய், எட்டு வருஷம் அவர் என் கடைப் படி ஏறவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அதற்குப் போக மனசு வரவில்லை. முதலில் வேறு சில கைகளைச் சொல்கிறேன்.

மல்லாட்டைப் பருப்பு

திண்டிவனம் கடையில் நான் சேர்ந்த காலத்தில் பெண்கள் வாட்ச் என்றால் மல்லாட்டைப் பருப்பு, அதாவது வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். அதில் பன்னிரண்டு நம்பர், மூன்று முள். வளையலுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டும். அதுதான் லட்சணம் என்று முதலாளி சொல்லிக்கொடுத்திருந்தார், நானும் வருகிற பெண்களிடமெல்லாம் அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஒரு நர்சம்மா வந்தார். மெலிந்த கை. பார்த்ததும் சின்னப் பெட்டியை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. ஆண்கள் வரிசையில் இருந்த வெள்ளை டயல் வாட்சைக் காட்டி, "அத்த எடுய்யா" என்றார். "அது ஜென்ட்ஸ்மா, ஒங்க கைக்குக் காது வெளிய நிக்கும். இத்தப் பாருங்க, பூ மாதிரி இருக்குது" என்றேன். அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து, நாடியில் விரல் வைத்து, இன்னொரு கையால் என் மல்லாட்டைப் பருப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். கடையில் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு நாடி எகிறுகிறது.

"இந்த வாட்சுல செகண்ட் முள்ளத் தேடி எடுக்கறதுக்குள்ள பேஷன்ட் ஊட்டுக்கே போயிடுவான்யா, எந்த ஊட்டுக்குன்னு மட்டும் கேக்காத!" என்றார்.

லீவு கை

கோட்டக்குப்பத்துத் தம்பி ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு. மெட்ராஸில் விமானம் இறங்கி, பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கிவிடுவார். பெட்டியும் கையுமாக நேரே எங்கள் கடை. வீட்டுக்குக்கூட இன்னும் போயிருக்கமாட்டார். "ஜல்தியா ரெண்டு கண்ணி கழட்டுங்கண்ணே" என்பார். கழற்றி வைப்பேன். லீவு முடிந்து திரும்பப் போகிறபோது மறுபடி வந்து அதே இரண்டு கண்ணியைச் சேர்த்துக்கொண்டு போவார். அவர் வந்திறங்கின பஸ் டிக்கெட்டின் பின்னாலேயே 'லீவு கை, ரெண்டு' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு பொட்டலம் மட்டும் டப்பாவுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

மூன்றாவது முறையோ நாலாவது முறையோ கேட்டேவிட்டேன். "ஏன் பாய், ஊட்டுக்குப் போயி ஒரு தூக்கம் போட்டுட்டு நெதானமா வரக்கூடாதா? வாட்சு எங்க ஓடிடப் போவுது?" அவர் கையை நீட்டியபடியே சிரித்தார். செயின் பாதிக் கைக்கு இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா மொதல்ல என் மூஞ்சியப் பாக்கமாட்டாங்கண்ணே, வாட்சு எவ்ளோ தூரம் எறங்குதுன்னுதான் பாப்பாங்க, அங்க நல்லா சாப்புடறேன்னு நான் சொல்ற பொய்க்கு இந்த ரெண்டு கண்ணிதான் சாட்சி" என்றார்.

மாப்பிள்ளை வாட்ச்

என் ஒரே பெண்ணுக்கு விழுப்புரத்திலேயே வரன் அமைந்தது. மல்லாட்டை மண்டிக் குடும்பம். என் கடையிலிருந்து நாலு தெரு. பையன் தங்கம். ஆனால் உடம்பு என்று பார்த்தால் சட்டைக்குள் ஹேங்கர் மாதிரி இருப்பார். மாப்பிள்ளைக்கு வாட்ச் நாம்தானே போடவேண்டும்? "கடைக்கு வந்து நீங்களே புடிச்சத எடுத்துக்குங்க மாப்ள" என்றேன். வந்தார். இருக்கிறதிலேயே பெரிய வாட்சை எடுத்தார். கட்டினால் இரண்டு காதும் கைக்கு வெளியே நிற்கின்றன.

"கொஞ்சம் சின்னதா பாப்பமா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மண்டியில பேரம் பேசச்சொல்ல கையத் தூக்கணும் மாமா. எதுர்ல நிக்கறவன் என் வாட்சப் பாக்கணும், என் கையப் பாக்கக்கூடாது." எனக்குப் புரிந்தது. நாலு கண்ணி கழற்றினேன். பழக்க தோஷம், டிக்கெட்டில் மடித்து எழுதினேன். கல்யாண வேலையில் நூறு யோசனை. டப்பாவில் போடவேண்டிய பொட்டலத்தை வாட்ச் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணம். வாட்ச் போடுகிற நேரம். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் பெட்டியைத் திறந்தார். பொட்டலம் விழுந்தது. ஏதோ கியாரண்டிச் சீட்டு என்று நினைத்துப் பிரித்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி படித்தார்: "நோஞ்சான் கை, நாலு." கொல்லென்று சிரிப்பு. மேளக்காரர்கூடச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார், ஆனால் வாட்சைக் கட்டிக்கொள்ள நீட்டின கையை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் என்னென்னவோ உளறினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஒங்க கடையில என் பேரு இதானா மாமா?" என்றார்.

ஐந்து பேர் கை

அதற்கப்புறம் அவர் வாட்சே கட்டவில்லை. கண்ணிப் பொட்டலத்தை என் பெண் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார், வாசலில் வணக்கம் சொல்வார், சாப்பிடுவார், போவார். என் பெண் நடுவில் கிடந்து பேஜார் பட்டாள். மண்டியில் யாராவது மணி கேட்டால் பக்கத்து ஆளிடம் கேட்டுச் சொல்வாராம். வாட்ச் கடைக்காரன் மாப்பிள்ளை வெறுங்கையோடு திரிகிறார் என்று கடைவீதியில் பேச்சு. நான் டிக்கெட்டில் கையை எழுதுவதை அன்றோடு விட்டேன். போன் நம்பர் வாங்கி எழுத ஆரம்பித்தேன்.

அந்த நாட்களில்தான் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒருத்தர் வந்தார். வலை இழுத்து இழுத்து, கை உலக்கை மாதிரி. எந்தச் செயினும் சுற்றி வரவில்லை. அவருக்குப் பிடித்த மாடல் நிறைய விற்ற மாடல். டப்பாவைக் கொட்டி, பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டு வராதவர்களின் கண்ணியாகப் பார்த்துச் சேர்த்தேன். முடிக் கையிலிருந்து ஒன்று, ஆறு விரலிலிருந்து ஒன்று, இப்படி ஐந்து பேருடையது. இன்னும் ஒன்று குறைந்தது. அவர் ஓரமாகக் கிடந்த பொட்டலத்தைத் தொட்டு, "இத்தப் பிரிங்களேன்" என்றார். மாப்பிள்ளையுடைய நாலு கண்ணி; அதே மாடல்தான். "அது மட்டும் வாணாம்ண்ணே. அது ஒருத்தரோடது. வருவாரு" என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வருவாருன்னு வாய்தான் சொல்லுது, ஒங்க மூஞ்சி வரமாட்டாருன்னு சொல்லுதே கடைக்காரரே! பரவால்ல, ஒரு கண்ணி கம்மியா இறுக்கமாவே கட்டிக்கினு போறேன்" என்றார்.

ரெண்டு கண்ணி

போன மாதம். மத்தியானம் கடையில் யாரும் இல்லை. படியில் நிழல் தெரிந்தது. நிமிர்ந்தால் மாப்பிள்ளை. எட்டு வருஷத்தில் மண்டி நாற்காலியும் என் பெண் சமையலும் சேர்ந்து அவரை இரண்டு ஆளாக ஆக்கியிருந்தன. கையில் அந்த வாட்ச் பெட்டி. "வாங்க மாப்ள" என்று எழுந்தேன். அவர் பெட்டியைத் திறந்து வாட்சைக் கையில் சுற்றிக் காட்டினார். செயின் முட்டவில்லை. "நாலு கண்ணி வேணும்" என்றார்.

டப்பாவின் அடியிலிருந்து எடுத்தேன். டிக்கெட்டில் அச்சடித்த எழுத்தெல்லாம் அழிந்து வெள்ளையாகிவிட்டது; நான் பேனாவால் எழுதினது மட்டும் அழியவில்லை. அவசரமாகக் கசக்கப் போனேன். "இருக்கட்டும், குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். நாலு கண்ணியையும் சேர்த்தேன். கட்டினார். காது இரண்டும் கைக்குள் அடங்கி, அளவெடுத்துச் செய்தமாதிரி உட்கார்ந்தது. அந்த வாட்சுக்கு அவர் கை வந்து சேர எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

கிளம்புவார் என்று பார்த்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முந்தாநேத்து நீங்க ஷேர் ஆட்டோவுக்குக் கையத் தூக்குனீங்க மாமா. மண்டியிலருந்து பாத்துக்கினு இருந்தேன். வாட்சு முழங்கை வரைக்கும் எறங்கிப் போச்சு" என்றார். சர்க்கரை வந்ததிலிருந்து நான் இளைத்துத்தான் போயிருந்தேன். ஊர்க் கையெல்லாம் பார்த்தவன் என் கையைப் பார்க்கவில்லை. "சும்மா லூசா இருந்தா காத்தாட இருக்கும்னு..." என்று இழுத்தேன். "கழட்டுங்க மாமா" என்றார். என் வாட்சிலிருந்து நானே இரண்டு கண்ணி கழற்றினேன். அவர் என் சட்டைப் பையிலிருந்து அன்றைய பஸ் டிக்கெட்டை உருவினார், என் பேனாவையே எடுத்தார். நிதானமாக எழுதினார். எழுதினதை என் கண்ணுக்கு நேரே பிடித்தார்: 'நோஞ்சான் கை, ரெண்டு.'

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணியை மடித்துக் கொடுப்பார், டப்பாவில் போடலாம் என்று மூடியைத் திறந்தேன். அவர் பொட்டலத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். தெருவில் நின்று, வாட்ச் கட்டின கையைத் தூக்கிக் காட்டினார்.

"எங்கிட்ட பத்திரமா இருக்கும் மாமா, கை தேறுனதும் மண்டிக்கு வந்து வாங்கிக்கங்க!" என்றார்.

நாற்பது வருஷம் ஊர்க்காரர் கண்ணியெல்லாம் என் டப்பாவில் இருந்தது. இப்போது என் கண்ணி இரண்டு மல்லாட்டை மண்டியில் இருக்கிறது, அதைத் திருப்பி வாங்குவதற்காகவே டாக்டருக்குத் தெரியாமல் கேப்பைக் களியில் ஒரு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.