பின்பாரம்

பருத்தித்துறையில் ஒரு படகைக் கரையிலிருந்து பட்டறைக்கு இழுக்க வேண்டுமென்றால் எட்வேர்டைத்தான் தேடுவார்கள். முப்பது வருடமாக அவரும் அவருடைய பச்சை ஜீப்பும் அந்த வேலையைச் செய்துவந்தார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் படகு கிடையாது. அன்றைக்குத் தேவாலயச் சபையின் வைத்தியக் கரவனை, சில்லுப் பூட்டிய அந்தச் சிறு மருத்துவ அறையை, ஊரூராக இழுத்துப் போவார். கரவனுக்குள் தாதியாக இருந்தவள் அவருடைய மனைவி மியூரியல்.

மாசியில் மியூரியலுக்கு மூச்சு முட்டியபோது அந்த ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தனியே திரும்பி வந்து ஜீப்பைத் தறப்பாளால் மூடினார். யாராவது கேட்டால் பற்றறி இறங்கிவிட்டது என்பார். அது பொய்யுமில்லை.

ஐப்பசியில் சபைச் செயலாளர் சிமியோன் வந்தார். வருகிற சனிக்கிழமை கரவன் உடுவிலுக்குப் போகாவிட்டால் அதை வன்னியில் ஒரு சபைக்குக் கொடுத்துவிடுவதாகத் தீர்மானமாம். சபையில் புதிதாக வான் வாங்கிய பெடியன் லியோன், தன் வானால் இழுக்கிறேன் என்கிறானாம். அதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் விடுவார்களாம், எட்வேர்ட் கூட இருந்து பார்த்துச் சொன்னால் போதுமாம். கரவனும் போய்விட்டால் மியூரியல் வேலை செய்த இடம் என்று இந்த ஊரில் ஒன்றும் மிஞ்சாது. அது தனக்கு வலிக்க வேண்டும் என்று எட்வேர்டுக்குத் தெரிந்திருந்தது. வலிக்கவில்லை. வாறன் என்றார்.

கரவனுக்குச் சாமான் ஏற்றியவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். படகில் என்ஜினும் எண்ணெய்க் கானும் பின்பக்கம்தான் இருக்கும், முன்பக்கமான அணியம் தூக்கி நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஜெனரேற்றர், தண்ணீர்ப் பீப்பாய், மருந்து அலுமாரி எல்லாவற்றையும் கரவனின் பின்சுவரோடு நெருக்கி வைத்திருந்தார்கள். ஒருவருக்கும் பிழையாகப் படவில்லை. வெள்ளோட்டத்தன்று எட்வேர்டும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"உங்கடை ஜீப்புக்குப் பென்சன் குடுங்கோ அண்ணை. என்ரை வான் ஏசியையும் போட்டுக்கொண்டு இழுக்கும்" என்று லியோன் வானை எடுத்தான். எட்வேர்ட் பக்கத்தில் இருந்தார். தும்பளைப் பக்கம் வேகம் நாற்பதைத் தொட்டபோது கரவன் வால் ஆட்டத் தொடங்கியது. பிறகு வானின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. லியோனின் கால் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கை அமத்தாதை. அக்சிலேற்றரையும் மிதியாதை, காலை எடு. ஸ்ரியறிங்கை நேராப் பிடி."

வேகம் இறங்க ஆட்டமும் அடங்கியது. லியோன் வானை ஓரங்கட்டி ஏசியை நிறுத்தினான். எட்வேர்ட் தன் கைகளைப் பார்த்தார். மடியில் இரண்டு பொருட்கள் போலக் கிடந்தன.

அப்படியே மெல்ல அரிசி ஆலைக்குக் கொண்டுபோய், லொறி நிறுக்கும் இடத்தில் கழற்றித் தனித்தனியே நிறுத்தார்கள். கரவன் ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ. வான் ஆயிரத்து நூறு. பிறகு எட்வேர்ட் கரவனுக்குள் ஏறி, நோயாளர் ஏறி நின்று நிறை பார்க்க மியூரியல் வைத்திருந்த தராசை எடுத்துவந்தார். அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கரவனின் முன்கொக்கியை மெல்ல அதன்மேல் இறக்கினார். இருபத்திரண்டு காட்டியது. பாரமெல்லாம் பின்னுக்கு இருந்து கொக்கியில் பாரம் போதாதபடியால்தான் வால் ஆடியிருக்கிறது. பீப்பாயையும் ஜெனரேற்றரையும் சில்லுகளின் அச்சுக்கு நேர் மேலே நகர்த்தி, அலுமாரியை இன்னும் முன்னுக்குத் தள்ளி மறுபடி இறக்கியபோது முள் தொண்ணூற்று நாலில் நின்றது.

"இனிச் சரிதானே அண்ணை? என்ரை வான் இழுக்கும்" என்றான் லியோன். குரலில் பழைய எடுப்பு இல்லை.

"இழுக்கும். ஆனா நீ நிப்பாட்ட நினைக்கேக்கை, நிக்கிறதோ இல்லையோ எண்டு கரவன்தான் முடிவெடுக்கும். இழுக்கிறது பாரமா இருக்கவேணும், இழுபடுறது லேசா இருக்கவேணும்."

"அப்ப ஆர் இழுக்கிறது?"

எட்வேர்டின் ஜீப் ஆயிரத்து அறுநூறு கிலோ என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்திருந்த சிமியோன் ஆலையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடிய எட்வேர்ட் தறப்பாளை இழுத்தார். லியோன் வாங்கிவந்த பற்றறியைப் பூட்டினார். இடப்பக்கக் கதவுக் கண்ணாடி, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மியூரியல் காற்றுக்கு இறக்கச் சொன்ன அளவிலேயே நின்றது. அதை ஏற்றவில்லை. ஆசனத்தில் படிந்திருந்த தூசைத் துணியால் துடைத்தார். துணி கறுத்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

உடுவில் வரைக்கும் நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஏதாவது வரும் என்று நெல்லியடியில் பார்த்தார், புத்தூரில் பார்த்தார். நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. பக்கக் கண்ணாடியில் கரவன் மட்டும், கோடு பிடித்ததுபோல, ஆடாமல் பின்னால் வந்துகொண்டிருந்தது.