மிச்சம் பிடித்த எண்ணெய்

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையான செயின்ட் ஜான் ஆற்றின் அமெரிக்கக் கரையில், ஒடெட் மிஷோ என்ற பெண்மணி முப்பத்தொரு வருடம் நகராட்சி எழுத்தராக இருந்தார். அந்தக் காலத்தில் ஒரு டாலர் குறைத்துக் கட்டிவிட்டு அவருடைய மேஜையைத் தாண்டியவர் எவரும் இல்லை. நாய் செத்துவிட்டது, உரிமம் வேண்டாம் என்று சொல்ல வருபவரிடம் முதலில் தேதியைக் கேட்பார். உரிமக் கெடு முடிந்தபிறகு செத்த நாய் என்றால், கட்டணத்தை வாங்கி ரசீது கொடுத்த பிறகுதான் அனுதாபம் தெரிவிப்பார்.

ஓய்வு பெற்று, அறுபத்தொன்பதாம் வயதில், அவர் தம் வீட்டை விற்றார். வாங்கியவர்கள் பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்த விட்கம்ப் தம்பதி. பத்திரம் பிப்ரவரி ஏழு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதே நாள் பன்னிரண்டு மணிக்குள், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் முதியோர் குடியிருப்பில் அவர் முன்பணம் கட்டியாக வேண்டும். அங்கே வாடகையிலேயே குளிர்கால வெப்பமும் சேர்த்தி. ஒடெட் தவறினால் அந்த அறை பட்டியலில் அடுத்திருக்கும் ஜெரார்ட் லஜ்வாவுக்குப் போய்விடும். இரண்டு வருடமாக ஒடெட்டின் உடல்நலத்தை வாரம் தவறாமல் விசாரித்து வந்தவர் இந்த ஜெரார்ட். நல்ல பதில் கிடைத்தால் அவர் முகம் வாடுவதை ஊரே கவனித்திருந்தது.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பிரிவு ஒன்று உண்டு. பத்திர நாளன்று, வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கான நிலவறைத் தொட்டியில் மிச்சமிருக்கும் எண்ணெயை எண்ணெய்க் கடைக்காரர் அளந்து எழுதித் தர, வாங்குபவர் அன்றைய விலைக்கு அதற்குப் பணம் தர வேண்டும். மற்றவர்கள் இந்தப் பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். ஒடெட் மூன்று முறை படித்து, பென்சிலால் அடிக்கோடிட்டார். ஜனவரி முதல் வாரம்தான் தொட்டியை நிரப்பியிருந்தார். வழக்கமாக எரித்தால் பத்திர நாளுக்குள் தொட்டி அநேகமாக வறண்டுவிடும். எனவே இனி ஒரு சொட்டும் எரிவதில்லை என்று முடிவு செய்தார்.

ஐந்நூற்று அறுபது டாலருக்கு விறகு வாங்கிச் சமையலறை அடுப்பை மூட்டினார். சாப்பாடு, தூக்கம், ஜெபம் எல்லாம் அந்த அடுப்பின் பக்கத்திலேயே. தினமும் காலையில் டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கி, தொட்டியின் மேல் கண்ணாடிக்குழலில் நிற்கும் சிவப்பு மிதவையைப் பார்வையிடுவார். அது இறங்கவே இல்லை. சொன்னால் கேட்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மேலே வருவார்.

அவருடைய சித்தப்பா மகன் ரொசேர் குழாய் வேலைக்காரர். ஒருநாள் வந்தவர், அறையின் சூட்டைப் பார்த்து பாய்லரை ஓட்டியும் நிறுத்தியும் வைக்கும் தெர்மோஸ்டாட்டைச் சமையலறைச் சுவரில் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, தெர்மோஸ்டாட் அடுப்புக்கு நாலடி தள்ளித் தொங்குது. வீடு பூரா கோடைக்காலம்னு அதுக்கு நெனப்பு. பின்னறைக் குழாய்க்கு யாரு போய்ச் சொல்றது?"

"நீ குழாய் மாத்திப் பொழைக்கிறவன். வேற எப்படிப் பேசுவே?"

புதன்கிழமை காலை குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பதுக்கு இறங்கியது. பாய்லரிலிருந்து பின்னறைச் சுவரோரமாக ஓடும் வெந்நீர்க் குழாய் உறைந்து கல்லாகிவிட்டது. வெடித்தால் தரை போகும். தரை போனால் பத்திரம் போகும். பத்திரம் போனால் ஜெரார்ட் குடிபோவார்.

ஒடெட் அழவில்லை. அடுப்புத் தணலை வாளியில் அள்ளிப் பனியில் கொட்டினார். தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருக, ஒரு மாதம் சும்மா இருந்த பாய்லர் உறுமிக்கொண்டு எழுந்தது. எல்லா அறைக் கதவுகளையும் திறந்துவைத்து, முடி உலர்த்தும் கருவியோடு பின்னறையில் மண்டியிட்டார். ரொசேர் சூடேற்றும் விளக்குகளோடு வந்து சேர்ந்து, அவரைப் போய் உட்காரச் சொன்னார்.

"உட்கார்ந்து என்ன பண்ண? ஜெரார்டுக்கு வாழ்த்து அட்டை எழுதவா? நீ அந்த முனையிலேர்ந்து வா, நான் இந்த முனையிலேர்ந்து வரேன்."

ஒவ்வொரு அங்குலமாக வந்தார்கள். வியாழன் மதியம் குழாய்க்குள் டக்டக்கென்று சத்தம் கேட்டு, தண்ணீர் ஓடியது. எங்கும் வெடிப்பில்லை. மறுபடி உறையாதிருக்க பாய்லர் விடியும்வரை முழுவேகத்தில் எரிந்தது. மிதவை இறங்கிக்கொண்டிருந்தது. ஒடெட் அதைப் பார்க்கப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எண்ணெய்க் கடைக்காரர் நூற்றெழுபது கேலன் என்று அளந்து எழுதினார். கேலன் மூன்று டாலர் அறுபது காசு வீதம் அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர். விறகுச் செலவோடு தம் கூலி நூற்றுத் தொண்ணூறையும் கூட்டினால் என்ன ஆகும் என்று வக்கீல் அலுவலகத் தாழ்வாரத்தில் ரொசேர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒடெட் அந்த விரல்களைப் பார்த்தார். ரொசேர் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கையெழுத்துக்கு முன்னால், யாரும் கேட்காமலே, குழாய் உறைந்த கதையை ஒடெட் விட்கம்ப் தம்பதியிடம் சொல்லிவிட்டார். வக்கீல் இருமினார். விட்கம்ப் பேனாவை மூடி வைத்தார். மணி பத்தே முக்கால்.

"இப்போ கசியுதா?"

"சொட்டுகூட இல்ல. குழாய் பூரா பவுடர் தூவிப் பார்த்தேன், எங்கயும் நனையல. விறகு எரிச்சா அந்த ரூம் கதவைத் தொறந்து வைங்க, பாய்லரையும் ஓட விடுங்க. எண்ணெயை மிச்சம் பிடிக்கிறேன்னு மட்டும் எறங்கிடாதீங்க."

"எண்ணெய் நெறையச் செலவாகுமே?" என்றார் திருமதி விட்கம்ப்.

"அது இனிமே உங்க எண்ணெய்மா. அறுநூத்திப் பன்னெண்டு டாலர். இங்க ஒரு கையெழுத்து."

பதினொன்றரைக்கு முதியோர் குடியிருப்பின் சாவி அவர் கையில் இருந்தது. ஜெரார்ட் மரியாதையாக உடல்நலம் விசாரித்தார். பிரமாதம் என்று பதில் கிடைத்தது.

இப்போது வெளியே உறைபனி கொட்டும் நாட்களில், ஒடெட்டின் அறையில் தெர்மோஸ்டாட் உச்சியில் நிற்கிறது. ஜன்னல் பாதி திறந்திருக்கிறது. அவர் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு பக்வீட் என்ற தானிய மாவில் தோசை சுடுகிறார். போன வாரம் மேலாளர் வந்து, ஜன்னலையாவது மூடலாமே என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். ஒடெட் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து நீட்டி, அது எந்தப் பிரிவில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார்.

மேலாளர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.